விளக்கு வைக்க ஆள் உண்டா

நாங்கள் தர்மபுரியில் வீடு தேடி அலைந்தது யுத்த காலத்தில். பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று கிளம்பிய குடும்பங்கள் சேலத்தில் இடம் பிடித்தது போக, மிச்சப்பேர் எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டார்கள். டிரங்குப் பெட்டியும் ஊறுகாய் ஜாடியும் தையல் மிஷினுமாக அவர்கள் வந்து இறங்க இறங்க, ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த தெருக்களில் வாடகை இரட்டித்தது. கடைத்தெரு, தாலுக்கா கச்சேரி, நல்ல தண்ணீர்க் கிணறு எல்லாம் அந்த நாலைந்து தெருக்களுக்குள்தான் இருந்தன. ஊர் ஓரத்தில் மலிவான வீடுகள் இல்லாமல் இல்லை. ஆனால் ஓரம் எங்களுக்கு உதவாது.

என் மனைவி ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். சேலத்தில் பயிற்சி முடித்து வந்தவள். வேலை அப்போது தற்காலிகம்தான். பெரிய டாக்டர் கூப்பிட்டு, "கூப்பிட்ட குரலுக்கு வரும் தூரத்தில் குடியிருந்தால் வேலையை நிரந்தரம் செய்யச் சொல்லி எழுதுகிறேன். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். பிரசவ வலி ஊர் ஓரத்திலிருந்து ஆள் நடந்து வரும்வரை காத்திருக்குமா? அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுடைய ஊரான பொம்மிடியிலிருந்து வந்து போவதென்பதும் நடக்காது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு வந்துகொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளினவனுக்கும் டிக்கெட்டில் தள்ளுபடி கிடையாது.

நான் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவன். கடத்தூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலமும் ஒரு கிணறும் உண்டு. இரண்டு பேருக்கும் சர்க்கார் சம்பளம் என்பதில் அப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. அந்த இரண்டு சம்பளத்துக்கும் ஆஸ்பத்திரித் தெருவில் ஒரு கூரை கிடைக்கவில்லை என்றபோது அவர் நம்பவில்லை. அம்மாதான் சிரித்தாள்.

"தூங்கறதுக்குக் காசு குடுக்கறாங்களாமே டவுனுல! நம்ம மாடுங்களுக்குத் தெரிஞ்சா நம்மகிட்ட வாடகை கேக்கும்."

ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் ஒட்டுச்சுவராக இரண்டு ஓட்டு வீடுகள் இருந்தன. ஒன்றில் வீட்டுக்காரம்மா இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய விதவை, ஒற்றை ஆள். மற்றது காலி. நாங்கள் போய் நின்றபோது அவர் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"எந்தப் பக்கத்து ஆளுங்க நீங்க?"

"கடத்தூர்ப் பக்கங்க. இவங்களுக்குப் பொம்மிடி."

எங்கள் ஊரில் யாருடைய வீட்டுக்கு எந்தப் பக்கம் கிணறு, யார் வீட்டில் பெண் எடுத்திருக்கிறோம் என்றெல்லாம் விசாரித்து, கேட்க வேண்டியதைக் கேட்காமலே தெரிந்துகொண்டார். பிறகு முறத்தைக் கீழே வைத்தார்.

"பட்டணத்துக்காரரு ஒருத்தரு ரெட்டிப்பு வாடகை தர்றன்னு தெனம் வந்து நிக்கிறாரு. எனக்கு அந்தக் காசு வேணாம். முன்ன இருந்தவன் பூட்டிப் போட்டுட்டு ஊரு ஊராப் போயிட்டான். எத்தினி மாசம் இருட்டாக் கெடந்துச்சு! ஒட்டுச்சுவரு பாருங்க. அந்த வருசமே எங்க வூட்டுக்காரரு போயி சேந்துட்டாரு. அந்தியில கதவு தெறந்திருக்கணும், வெளக்கு எரியணும். வேற ஒண்ணும் நான் கேக்கல. வெளக்கு வெக்க ஆள் உண்டா?"

நான் யோசிப்பதற்குள் என் மனைவி, "உண்டுங்க" என்றாள்.

வீடு என்று பார்த்தால் ஒரு கூடமும் ஓர் அறையும் பின்னால் சமையல் சாய்ப்பும்தான். தெற்கு வாசல். வாசற்கதவுக்குப் பக்கத்தில் வெளிச்சுவரில் ஒரு மாடம், அகல் வைப்பதற்கு. ஆனால் பின்கட்டில் நின்று பார்த்தால் ஆஸ்பத்திரியின் ஓடு தெரியும். மணி அடித்தால் கேட்கும். பால் காய்ச்சிய அன்று அவள் அந்த மணியைக் கேட்பதற்காகவே இரண்டு தடவை பின்கட்டுக்குப் போனாள். தச்சரிடம் சொல்லி ஒரு வேப்பமரக் கட்டில் செய்தோம். எங்கள் வம்சத்தில் கட்டிலில் படுத்தவர்கள் கிடையாது. முதல் சில நாட்கள் எனக்கு அதில் தூக்கம் வரவில்லை, விழுந்துவிடுவேனோ என்று. அவள் சுவர்ப் பக்கத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, "வாத்தியாரு கீழ வுழுந்தா எந்தப் பையன் மதிப்பான்?" என்பாள்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவளுக்குப் பகல் வேலை. அந்திக்கு வந்து முகம் கழுவி அகலில் புங்கெண்ணெய் விட்டு ஏற்றுவாள். வீட்டுக்காரம்மா தன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவார். அதுவே அவருடைய ரசீது.

நான் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டேன். எங்களுக்குக் குறைத்துச் சொன்ன வாடகையே என் சம்பளத்தில் பெரும்பங்கைத் தின்றது. ஊருக்கும் கொஞ்சம் அனுப்ப வேண்டும். அதனால் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அவர் வீட்டில் விளக்கு வைக்கும்போது பிள்ளைகள் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டும்; அப்போதுதான் சரஸ்வதி வருவாளாம். ஒருநாள் சற்றுத் தாமதமாகப் போனதற்கு, "என்னா சார், அம்மா வந்து பாத்துட்டு வாத்தியாரக் காணமேன்னு திரும்பிப் போயிருப்பாங்களே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த தெருவில் அதே வேலைக்கு இரண்டு வாத்தியார்கள் காத்திருந்தார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். என் மனைவிக்கு மாலை முறை வந்தது. நல்ல அறிகுறி என்று இருவரும் சந்தோஷப்பட்டோம். பொறுப்பைக் கொடுக்கிறார்கள் என்றால் நிரந்தரமும் பின்னால் வரும். அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவள் கையை நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, வெளக்கு?"

அந்தி ஒன்று. அதை ஆஸ்பத்திரி கேட்டது, ஜவுளிக்கடை கேட்டது, வீட்டுக்காரம்மா கேட்டார். இரண்டில் ஒரு வேலையை விட்டால் வாடகை கொடுக்க முடியாது. விளக்கை விட்டால் வீடு கிடையாது. வீட்டை விட்டால் அவளுடைய வேலை கிடையாது.

ஊருக்குப் போய் அம்மாவைக் கேட்டேன். அவள் அப்போதுதான் கடலை பிடுங்கும் ஆட்களுக்குக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளாமய வுட்டுட்டு வந்து நான் ஒரு அகலுக்குக் காவல் குந்திக்கினு இருக்கட்டுமா? ரெண்டு பேரு படிச்சவங்க இருக்கறீங்க. ஒரு வெளக்கு ஏத்த வழி தெரியலியா?"

கேலியாகச் சொன்னாலும் அவளால் வர முடியாது என்பது உண்மை. கறவை இருந்தது, அப்பாவுக்கு மூட்டு வலி. நான் ஒரு பை கடலையோடு திரும்பினேன்.

வழியை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அவளுடைய அப்பாவுக்குப் பொம்மிடி ஸ்டேஷனில் வேலை. சிக்னல் கம்பங்களில் விளக்கு ஏற்றுபவர். எண்ணெய் ஊற்றித் துடைத்த விளக்குகளைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு கம்பமாக ஏறி இறங்க வேண்டும். இருட்டிய பிறகு கம்பம் ஏற முடியுமா? வெயில் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு வந்துவிடுவார். அவள் குழந்தையிலிருந்து பார்த்த விளக்கு அதுதான்.

"எங்கப்பா பொழுதோடவே ஏத்திடுவாரு. எண்ணெய் நெறைய வுட்டா விடியற வரைக்கும் நிக்கும். நீங்க பள்ளிக்கூடம் வுட்டு வந்ததும் ஏத்தி வெச்சிட்டு டியூசனுக்குப் போங்க. உள்ரூமைப் பூட்டிக்கங்க, வாசக்கதவு தெறந்திருக்கட்டும். அந்தி வந்தா அதுவா வெளக்குக்கு வந்து சேரும்."

"தெரியுமா எரியறது, வெயில்ல?"

"வர்ற ரயிலுக்கு நேரா மொகம் வெப்பாரு அப்பா. தெருவப் பாத்து வெச்சிடுங்க. எட்டிப் பாத்தா தெரியும்."

எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. விளக்கு எரிய வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், இரண்டும் நிறைவேறுகின்றன. எங்கள் வீட்டில் அம்மா விளக்கு ஏற்றும் வேளையில் நான் மாடுகளை ஓட்டிக்கொண்டு வழியில் இருப்பேன். வந்து பார்க்கும்போது எரிந்துகொண்டிருக்கும். அது எந்தப் பக்கம் பார்த்தது, எப்போது ஏற்றினாள் என்று நான் கவனித்ததில்லை.

முதல் நாள் நான் ஏற்றியதைப் பார்த்தது எதிர்வீட்டுக் கிழவர் ஒருவர் மட்டும்தான். "என்னா வாத்தியாரே, சூரியனுக்குக் கண்ணு தெரியலீன்னு வெளக்குப் புடிக்கிறீங்களா?" என்றார். சிரித்துவிட்டு ஓடினேன். வீட்டுக்காரம்மா ஊரில் இல்லை. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவர மாரண்டஹள்ளிக்குப் போயிருந்தார். அந்தப் பிரசவத்தைத் தன் கையால் பார்க்க வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. பார்த்துக் கொடுத்துவிட்டால் இந்த வீடு நமக்கு எத்தனை வருஷமானாலும் என்று கணக்குப் போட்டிருந்தாள். வெந்நீர்த் தவலை எங்கே வைப்பது என்பது வரைக்கும் யோசித்துவிட்டாள்.

ஓரிரு நாள் கழித்து அவர்கள் வந்த வண்டி சாயங்கால வெயிலில் தெருவுக்குள் நுழைந்திருக்கிறது. நிறைமாதப் பெண்ணும் தாயும் முதலில் பார்த்தது எங்கள் வாசலை. பட்டப்பகலில் அகல் எரிகிறது. தெற்கு பார்த்து எரிகிறது. கதவு அகலத் திறந்து கிடக்கிறது. உள்ளே பேச்சுமூச்சு இல்லை.

பிணத்தின் தலைமாட்டில்தான் அப்படி வைப்பார்கள். எனக்குப் பிற்பாடு சொன்னார்கள். தெரிந்த விஷயம்தான், சாவு வீட்டில் பார்த்ததும்தான். ஆனால் என் வாசல் மாடத்தோடு அதை நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரம்மா மகளின் கண்ணைப் பொத்தி, வண்டியை அங்கேயே திருப்பச் சொல்லி, இரண்டு தெரு தள்ளியிருந்த தம்பி வீட்டில் அவளை இறக்கிவிட்டார். அதற்குள் தெருவில் செய்தி பரவிவிட்டது. உள்ளே யார் என்று எட்டிப் பார்க்கக்கூட ஆட்கள் தயங்கியிருக்கிறார்கள். ஒருவன் ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"வாத்தியாரே, உங்க வூட்டுல சாவு வெளக்கு எரியுதே, இங்க குந்தினு பாடம் சொல்றீங்களே! நர்சம்மாவுக்கு என்னாச்சு?"

நான் விளக்கை மறந்தேன். நானே ஏற்றிய விளக்கு என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நர்ஸம்மாவுக்கு என்னாச்சு என்ற சொல் மட்டும்தான் காதில் இருந்தது. செருப்பு போடாமல் ஓடினேன். அதே வேளையில் இன்னொருவன் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம், "வாத்தியாரு போயிட்டாராம்மா?" என்று கேட்டிருக்கிறான். அவளும் ஓடிவந்தாள்.

கிழக்கிலிருந்து நானும் மேற்கிலிருந்து அவளும் ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்தோம். தெருவே கூடி நின்றது. அவளுடைய வெள்ளைச் சேலையெல்லாம் புழுதி. அவள் என்னைப் பார்த்தாள், நேராக வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். நோயாளிக்கு நாடி பார்ப்பதுபோல விரல்களை வைத்து அழுத்திக்கொண்டு, விடவே இல்லை. கூட்டத்தில் யாரோ, "அட, ரெண்டும் உசுரோட இருக்குது!" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. எதிர்வீட்டுக் கிழவர், "நான்தான் அன்னிக்கே கேட்டனே" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. மாடத்தில் எண்ணெய் நிறைய இருந்ததால் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரம்மா மறுநாள் காலையில் வந்தார். கோபமாக வந்திருந்தால் பேசுவதற்கு எனக்கு ஏதாவது இருந்திருக்கும்.

"நீங்க வேணும்னு செஞ்சீங்கன்னு நான் சொல்லல. நல்ல புள்ளைங்கதான். ஆனா என் பொண்ணு வாசல்ல கால வெக்கறதுக்கு மின்ன அந்த வெளக்கப் பாத்துட்டா. ராவெல்லாம் அழுவறா."

என் மனைவி சிக்னல் கம்பத்தைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் எடுத்துச் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"ரயிலுக்கு வெக்கிற வெளக்கு ரயிலோட போவட்டும், கண்ணு. வூட்டுக்கு வெக்கிறது வேற."

மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே அந்தப் பெண்ணுக்கு வலி வந்துவிட்டது, தம்பி வீட்டில். கொடி சுற்றிய குழந்தை. பழைய மருத்துவச்சி கையை விரித்த பிறகு, வேறு வழியில்லாமல் என் மனைவிக்கு ஆள் விட்டார்கள். அவள் போனாள். ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம்.

தீட்டுக் கழிக்கும் புண்ணியதானம் முடிந்ததும் வீட்டுக்காரம்மா ஒரு சேலையும் வெல்லமும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வந்தார். என் மனைவியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தேன். என் மனைவியும் காத்திருந்தாள் என்பது அவள் தாம்பாளத்தை வாங்காமல் நின்றதில் தெரிந்தது.

"உன் கையி எனக்குச் சாமி. எது வேணும்னாலும் கேளு. வூட்ட மட்டும் கேக்காத, கண்ணு. இப்ப கொழந்த வேற இருக்குது. எனக்கு மின்னயவிட பயமா இருக்குது."

அவள் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சில நாட்களில் நாங்கள் ஏறி இறங்காத வாசல் இல்லை. கொஞ்சமாவது கட்டுப்படியான வாடகை சொன்ன இடங்களில், "நீங்கதானா அந்தப் பகல் வெளக்கு வாத்தியாரு?" என்று கேட்டார்கள். சிலர் வாய்விட்டுச் சிரித்து, உட்காரவைத்து மோர் கொடுத்து, இல்லை என்றார்கள். கேட்காதவர்கள் பட்டணத்து வாடகை சொன்னார்கள். நாங்கள் இருந்த வீட்டுக்குப் பழைய பட்டணத்துக்காரரே வந்தார். அவருக்கு வயதான தாயார் உண்டு, அந்தியில் விளக்கு வைப்பதற்கு. வாடகையும் அவர் முன்பு சொன்ன வாடகையேதான். வீட்டுக்காரம்மா பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்ல முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் நர்ஸம்மாக்களுக்கு ஓர் அறை உண்டு. ஆண்கள் தங்கக் கூடாது, கணவனானாலும். அவள் அங்கே போனாள். வேலை நிரந்தரமானது. நான் கடைத்தெருவில் ஒரு மாடி அறையில், கல்யாணமாகாத இரண்டு வாத்தியார்களோடு சேர்ந்துகொண்டேன். கட்டில் இரண்டு இடத்திலும் நுழையவில்லை. வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பினேன். அம்மா அதில் புளி உலர்த்துகிறாள். எப்போதாவது நாங்கள் இருவரும் சேர்ந்து ஊருக்குப் போகும்போது புளியைத் தட்டிவிட்டு எங்களுக்குப் போட்டுத் தருகிறாள். இரவு முழுவதும் புளி வாசனை.

யுத்தம் முடிந்துவிட்டது. பட்டணத்துக்காரர்களில் பாதிப்பேர் திரும்பிவிட்டார்கள். வாடகை திரும்பவில்லை. ஏறியது ஏறியபடியே நிற்கிறது. நாங்கள் இரண்டு பேர் சம்பாதிக்கிறோம். ஒரே ஊரில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், இரண்டு இடத்தில் படுக்கிறோம். அவள் வேலையை விட்டிருக்கலாமே என்று அப்பா ஒரு தடவை கேட்டார். அந்தப் பேச்சை நான் அவளிடம் கொண்டுபோகவில்லை. ஆனால் அவளாகவே ஒருநாள், "அன்னிக்கு 'உண்டுங்க'ன்னு நான் முந்திக்கினு சொல்லாம இருந்திருக்கலாம். அந்தக் கட்டிலாவது செஞ்சிருக்க மாட்டம்" என்றாள்.

ஜவுளிக்கடைக்காரரின் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டதால் இப்போது அந்த டியூசன் இல்லை. மாலையில் ஆஸ்பத்திரி கேட்டுக்குப் போகிறேன். அவள் முறைக்குப் போகும் முன் கொஞ்ச நேரம் அங்கே வருவாள். வாட்ச்மேன் இருட்டுவதற்கு முன் பீடி குடிக்கப் போக வேண்டும் என்பதால், வெயில் இருக்கும்போதே லாந்தரை ஏற்றிக் கம்பியில் மாட்டிவிடுவான். கேட் தெற்கு பார்த்தது.

நேற்று அவள் அந்த லாந்தரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்ல, பாத்தீங்களா?"

"இது வூடு இல்லயே" என்றேன்.

உள்ளே மணி அடித்தது. அவள் போனாள்.